யாருடைய ஞாயிற்றுக்கிழமை?

சனிக்கிழமை பிற்பகலில் மும்பையின் லோயர் பரேல் ஸ்டேஷனில் இறங்கி, சேனாபதி பாபட் சாலைப் பக்கம் நடப்பவர்களில் இரண்டு ரகம் உண்டு. ஒரு ரகம் நிதானமாக நடக்கும். ஒரு கையில் குழந்தை, மறு கையில் மொபைல். இன்னொரு ரகத்துக்கு அவசரம். கறுப்பு பேன்ட், கறுப்புச் சட்டை, தோளில் ஒரு பை, பைக்குள் சாப்பாட்டு டப்பா. முதல் ரகம் மாலில் வாங்கப் போகிறது. இரண்டாவது ரகம் அதே மாலில் விற்கப் போகிறது. இரண்டும் போய்ச் சேரும் வளாகத்தில் செங்கல் புகைபோக்கி ஒன்று உண்டு. 1905-ல் தொடங்கிய ஃபீனிக்ஸ் மில்லின் மிச்சம் அது.

வாங்கப் போகிறது என்று சொல்வதுகூடக் கொஞ்சம் தாராளம்தான். ஓர் அறையும் சமையல் கட்டுமே வீடு என்ற நிலையில் ஐந்து பேர் குடியிருப்பது மும்பையில் அதிசயமல்ல. அங்கிருந்து கிளம்பி வரும் குடும்பத்துக்கு மால் தருவது குளிர்ந்த காற்று, சுத்தமான கழிப்பறை, குழந்தை ஓடினாலும் லாரி வந்து மோதாத தரை. மூன்று மாடி ஏறி இறங்கி, பத்துக் கடைகளில் துணியைத் தடவிப் பார்த்து, பதினோராவது கடையில் தள்ளுபடி விலையில் ஒரே ஒரு டி-ஷர்ட் வாங்கினால் அது வெற்றிகரமான ஷாப்பிங். உண்மையான செலவு அதற்குப் பிறகு, சாப்பாட்டில்.

அந்தச் சாப்பாட்டுப் பில்லைக் கொஞ்சம் கூர்ந்து படிப்பது நல்லது. சாதாரண உணவகங்களுக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம். ரூ. 2,000-க்குச் சாப்பிட்டால் ரூ. 2,100-தான் ஆக வேண்டும். ஆனால் நடுவில் 10 சதவீத 'சர்வீஸ் சார்ஜ்' நுழைந்து, அதன் மீதும் வரி ஏறி, தொகை ரூ. 2,310 ஆகிவிடுவது உண்டு. இதைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் நெறிமுறை வெளியிட்டது. உணவக முதலாளிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் ஆணையத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. வழக்கில் வாடிக்கையாளரின் உரிமை விரிவாகப் பேசப்பட்டது. அந்த 10 சதவீதத்தில் எத்தனை ரூபாய், தட்டைக் கொண்டுவந்து வைத்தவரின் பைக்குப் போகிறது என்பதைத்தான் எந்தப் பில்லும் சொல்வதில்லை. சர்வரைக் கேட்டால் அவர் சிரித்துவிட்டு, "காபி வேணுமா சார்?" என்பார்.

மாலின் வாசலே ஒரு காலத்தில் எல்லோருக்கும் திறந்ததாக இல்லை. 1999-ல் ஹாஜி அலி அருகே 'கிராஸ்ரோட்ஸ்' திறக்கப்பட்டபோது, உள்ளே போக கிரெடிட் கார்டோ மொபைல் போனோ காட்ட வேண்டும், இல்லாவிட்டால் ரூ. 60 கட்ட வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. அன்று மொபைல் வைத்திருந்தவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்பதை நினைத்துப் பார்த்தால் விதியின் நோக்கம் புரியும். எதிர்ப்புக் கிளம்பியதும் அது கைவிடப்பட்டது. (புத்தி முழுவதும் மாறிவிடவில்லை. 2024 ஜூலையில் பெங்களூர் மால் ஒன்று வேட்டி கட்டிய விவசாயியை உள்ளே விட மறுத்தது. கர்நாடக அரசு அந்த மாலை ஏழு நாள் மூட உத்தரவிட்டது.) இன்று பெரும்பாலும் யாரும் உள்ளே போகலாம். வாசல் பிரச்சினை ஓரளவு தீர்ந்தது. உள்ளே நாள் முழுவதும் நிற்பவர்களின் கதை வேறு.

அந்தக் கதைக்கு ஒரு பழைய அத்தியாயம் உண்டு. மும்பைத் தொழிலாளிக்கு வார விடுமுறை என்று ஒன்று இருக்க வேண்டும் என்பதற்காகப் போராடியவர் நாராயண் மேகாஜி லோகண்டே. ஜோதிராவ் புலேயின் தோழர், 'தீனபந்து' பத்திரிகையின் ஆசிரியர். 1884-ல் பஞ்சாலைத் தொழிலாளர்களுக்காக பம்பாய் மில் ஹேண்ட்ஸ் அசோசியேஷனைத் தொடங்கினார். அப்போது விடிந்ததிலிருந்து இருட்டும் வரை வேலை. மாதத்தில் எந்த நாள் ஓய்வு என்பது இயந்திரத்தைத் துடைக்கும் நாளைப் பொறுத்தது. 1890 ஏப்ரலில் பத்தாயிரம் பேர் வரை திரண்ட கூட்டத்தில் பெண் தொழிலாளிகள் இருவர் மேடையேறிப் பேசினார்கள். அதே ஆண்டு ஜூன் 10-ம் தேதி மில் முதலாளிகள் ஞாயிறு விடுமுறைக்குச் சம்மதித்தார்கள். இந்தியாவுக்கே ஞாயிறு வாங்கித் தந்தவர் லோகண்டே என்று சிலர் எழுதுவது மிகை. துரைமார்களின் அலுவலகங்களுக்கு அந்த விடுமுறை ஏற்கெனவே இருந்தது. கூலி வேலை செய்பவனுக்கும் அது உண்டு என்று ஆக்கியதுதான் அவருடைய சாதனை. ஏன் ஞாயிறு? மராட்டிய உழைப்பாளி மக்களின் தெய்வமான கண்டோபாவுக்கு உகந்த நாள் அது. வாரத்தில் ஒரு நாளாவது தொழிலாளி தன் சமூகத்தோடு இருக்க வேண்டும் என்பது அவர் வாதம். வெறும் உடம்பு ஓய்வு அல்ல, எல்லோரும் சேர்ந்து வீட்டில் இருக்கும் ஓய்வு.

அந்த மில் பகுதிக்கு 'கிரண்காவ்' என்று பெயர், மில் கிராமம். கொங்கணிலிருந்து குடும்பத்தை விட்டு வந்த ஆண்களுக்கு அங்கே 'கானாவள்' என்ற சாப்பாட்டு வீடுகள் இருந்தன. பெண்கள் தங்கள் ஒற்றை அறையிலேயே இருபது, முப்பது பேருக்குச் சமைத்துப் போட்டார்கள். வெளியே சாப்பிடுவது என்பது அப்போது உல்லாசமல்ல. மாதக் கணக்கு, சம்பள நாளில் பாக்கி தீர்ப்பு. வட்டிக்காரனிடம் சிக்கிய இந்தப் பெண்களை ஒன்றுசேர்த்து, வங்கிக் கடன் கிடைக்கச் செய்ய பிரேமா புரவ் 1975-ல் அன்னபூர்ணா மகிளா மண்டலைத் தொடங்கினார். ஏழு ஆண்டுகளில் நிலைமை தலைகீழானது. 1982 ஜனவரி 18-ம் தேதி தத்தா சாமந்த் தலைமையில் சுமார் இரண்டரை லட்சம் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அது வெற்றியும் பெறவில்லை, முறைப்படி முடிவுக்கும் வரவில்லை. மில்கள் மூடின. கானாவள்களின் அடுப்பும் அணைந்தது.

மிஞ்சியது நிலம், சுமார் 600 ஏக்கர். அதில் மூன்றில் ஒரு பங்கு திறந்த வெளிக்கு, ஒரு பங்கு குறைந்த வருவாய்க்காரர்களின் வீடுகளுக்கு, ஒரு பங்கு உரிமையாளருக்கு என்பது 1991-ம் ஆண்டு விதியின் சாரம். 2001-ல் விதி திருத்தப்பட்டது. கட்டடம் இல்லாத காலி இடத்தை மட்டும் மூன்றாகப் பிரித்தால் போதும் என்றானது. மில் வளாகங்களில் காலி இடம் எவ்வளவு இருந்திருக்கும்? 2006-ல் உச்ச நீதிமன்றம் இந்தத் திருத்தம் செல்லும் என்றது. விளைவாக, மும்பை தன் சனி, ஞாயிறைக் கழிக்கப் பூங்காக்களுக்குப் பதில் கடைகள் கிடைத்தன.

ஞாயிறு விடுமுறையை வென்ற மண்ணிலேயே இன்று ஞாயிறுதான் அதிக வேலை நாள் என்பதில் ஒரு முரண் இருக்கிறது. அது தானாக வந்ததல்ல, சட்டத்தின் வழியாக வந்தது. 1948-ம் ஆண்டு பம்பாய் கடைகள் சட்டம், கடை வாரத்தில் ஒரு நாள் மூடியிருக்க வேண்டும் என்றது. அதனால்தான் மும்பைக்காரர்களுக்குச் சந்தைகளின் விடுமுறைப் பட்டியல் மனப்பாடம். மங்கள்தாஸ் மார்க்கெட்டுக்கும் ஜவேரி பஜாருக்கும் ஞாயிறு, தாதர் கடைத்தெருவுக்குத் திங்கள், சோர் பஜாருக்கு வெள்ளி. தெரியாமல் போனவர்கள் பூட்டைப் பார்த்துத் திரும்பிய கதைகள் ஏராளம். வாடிக்கையாளருக்குத் தொல்லைதான். ஆனால் தெரு முழுவதும் ஒரே நாளில் ஷட்டரை இறக்கும்போது முதலாளியும் கணக்குப்பிள்ளையும் மூட்டை தூக்குபவரும் ஒன்றாக ஓய்ந்தார்கள்.

2017-ல் மகாராஷ்டிரா புதுச் சட்டம் கொண்டுவந்தது. ஆண்டின் 365 நாளும், 24 மணி நேரமும் கடை திறந்திருக்கலாம். 2020 ஜனவரியில் மும்பையில் குடியிருப்பு அல்லாத பகுதிகளில் உள்ள மால்களுக்கும் உணவகங்களுக்கும் இரவு முழுவதும் திறந்திருக்க அனுமதி கிடைத்தது. தொழிலாளிக்கு வாரத்தில் தொடர்ந்து 24 மணி நேர ஓய்வு உண்டு என்று சட்டம் சொல்லாமல் இல்லை. ஆனால் அது எந்த நாள் என்பது சுழற்சி முறை. சனி, ஞாயிறில் யாருக்கும் லீவு கிடையாது என்பது கடைகளில் எழுதப்படாத விதி. ஒருவருக்குச் செவ்வாய், இன்னொருவருக்குப் புதன். மணிக் கணக்கில் பார்த்தால் 1948-ம் 2017-ம் ஒன்றுதான். 24 மணி நேரம் 24 மணி நேரம்தான். லோகண்டே கேட்டது மணிக் கணக்கை மட்டுமல்ல என்பதுதான் சிக்கல்.

வாரத்தில் ஆறு நாள் உழைக்கும் வாடிக்கையாளர் ஞாயிறன்று கடை இல்லாமல் எங்கே போவார் என்று வியாபாரிகள் கேட்பதில் நியாயம் உண்டு. வீட்டு வாசலுக்கே சாமான் கொண்டுவரும் இணையக் கடைக்காரன் எந்தக் கிழமையும் மூடுவதில்லை. ஞாயிறு வியாபாரம் போனால் பாதி வேலைகளும் போகும் என்பார்கள். சரி, எல்லா ஞாயிறையும் மூட வேண்டாம். தென் கொரியா 2012-லிருந்து பெரிய சூப்பர் மார்க்கெட்டுகளை மாதத்துக்கு இரண்டு நாள் கட்டாயமாக மூடவைத்தது. பல ஆண்டுகள் அது பெரும்பாலும் ஞாயிறாகவே இருந்தது. ஜெர்மனியில் ஞாயிறன்று கடைகள் பொதுவாகத் திறப்பதே இல்லை. அந்த நாடுகள் ஏழையாகிவிடவில்லை. அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். ஒவ்வொரு ஊழியருக்கும் மாதத்தில் ஒரு ஞாயிறு கட்டாயம் என்று சுழற்சிப் பட்டியலில் எழுதுவதற்குப் பெரிய செலவு ஏதும் இல்லை. பட்டியல் போடும் மேனேஜருக்குக் கொஞ்சம் தலைவலி, அவ்வளவே.

இத்தகைய கோரிக்கைகள் சிரிப்புக்கு இடமானவை என்று நினைப்பவர்கள் கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவைப் பார்க்கலாம். அங்கே ஜவுளிக் கடைப் பெண்களுக்கு உட்கார அனுமதியும் இல்லை, கழிப்பறையும் இல்லை. பகலில் தண்ணீர் குடிக்காமலே இருந்தார்கள். விஜி என்ற தையல்காரப் பெண் 'பெண்கூட்டு' என்ற அமைப்பின் வழியாக இதைப் பிரச்சினையாக்கினார். திருச்சூரில் ஒரு ஜவுளிக் கடையின் பெண்கள் 2014 கடைசியில் தொடங்கி மூன்று மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம் செய்தார்கள். 2018-ல் கேரளம் கடைச் சட்டத்தைத் திருத்தி உட்காரும் உரிமையைச் சேர்த்தது. 2021-ல் தமிழ்நாடு அதைப் பின்பற்றியது. ரங்கநாதன் தெருவின் நிற்கும் கால்களை 2010-ல் 'அங்காடித் தெரு' படம் காட்டிப் பதினொரு ஆண்டு கழித்து. சட்டம் வந்த பிறகு ஸ்டூல்கள் வந்தன. அதில் உட்கார்ந்திருக்கும் பெண்ணைப் பார்த்து, "இங்கே கவனிக்க ஆளில்லையா?" என்று குரல் கொடுக்கும் வாடிக்கையாளர்கள் மட்டும் மாறியபாடில்லை.

மும்பைத் தமிழர்களின் ஞாயிறு மாட்டுங்காவில் விடிகிறது. கிங்ஸ் சர்க்கிள் பக்கம் 1940-ல் தொடங்கிய கஃபே மெட்ராஸ் வாசலில் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் கூட்டத்தில் இப்போது குஜராத்திகளும் மராத்தியர்களும்தான் அதிகம். பெயர் மெட்ராஸ், நடத்துவது உடுப்பிக்காரர்கள், சாப்பிடுவது இந்தியா. ரச இட்லி முடிந்ததும் பூக்கடை, வாழையிலை, காபித் தூள் என்று ஒரு சுற்று. ஸ்டேஷன் அருகே 1942-லிருந்து இருக்கும் ராமா நாயக்கின் உடுப்பி போர்டிங்கில் மத்தியானச் சாப்பாடு. இந்தக் கடைகளில் ஒரு பழைய ஒழுங்கு தொடர்கிறது. ஞாயிறு முழுக்க இலை போட்டுவிட்டு, ராமா நாயக் போர்டிங் திங்களன்று கதவைச் சாத்திவிடும். பரிமாறுபவர்கள் எல்லோரும் ஒரே நாளில் ஓய்வெடுக்கிறார்கள். அதே ஞாயிறு காலையில், பக்கத்துத் தாராவியில் விடியுமுன் எழுந்து இட்லி வேகவைத்து, பாத்திரத்தைச் சுமந்து நகரமெங்கும் விற்கப் போகும் தமிழர்களுக்கு எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவும் லீவு தருவதில்லை. அவர்கள் முதலாளிகள்!

ஞாயிறு பகலில்தான் ரயில்வே தண்டவாளங்களைப் பழுது பார்க்கும். மத்திய, ஹார்பர் மார்க்கங்களில் 'மெகா பிளாக்' என்றால் மும்பையில் குழந்தைக்கும் அர்த்தம் தெரியும். வண்டிகள் குறைவு, தாமதம். எல்லோருக்கும் விடுமுறைதானே என்ற கணக்கு. கல்யாணிலிருந்தும் பன்வேலிலிருந்தும் பதினொரு மணி ஷிஃப்டுக்கு வரும் கடைப் பெண்கள் அன்றுதான் ஒரு மணி நேரம் முன்கூட்டியே கிளம்ப வேண்டும்.

அவர்களுடைய ஞாயிறு செவ்வாய்க்கிழமை வருகிறது. கணவர் வேலைக்குப் போயிருப்பார், குழந்தை பள்ளியில். துணி துவைத்துப் போட்டுவிட்டு, சிலர் தாதருக்கு ரயில் ஏறுகிறார்கள். வாரநாள் பகலில் கூட்டம் குறைவு, நிதானமாகப் பேரம் பேசலாம். துணியின் தரம், தையல், தள்ளுபடியின் சூட்சுமம் எல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. கடைக்காரரால் ஏமாற்ற முடியாது. வாங்கிய சட்டை குழந்தைக்குச் சரியாக இருக்குமா என்று போட்டுப் பார்க்க மட்டும் பள்ளி விடும் வரை காத்திருக்க வேண்டும்.