போளூர் என்று அடித்துப் பாருங்கள்

கேம் செய்து விற்க வேண்டும் என்ற ஆசை போளூர்ப் பிள்ளைகளுக்கும் வந்துவிட்டது. பாலிடெக்னிக்கில் படிக்கும் ஒரு தம்பி போன வாரம் கேட்டான்: "யூனிட்டியா, அன்ரியலா, கோடோவா? எதுலண்ணா ஆரம்பிக்கறது?"

மூன்றும் கேம் கட்டும் மென்பொருள்கள்; எஞ்சின் என்பார்கள். கோடோ என்றேன்.

புதிதாக வருபவர்கள் எந்த எஞ்சினில் படம் பளபளப்பாக வரும் என்றுதான் பார்க்கிறார்கள். விற்கப்போகிறவர் முதலில் பார்க்க வேண்டியது உரிம ஒப்பந்தம். 2023 செப்டம்பரில் யூனிட்டி, வருமானமும் நிறுவல்களும் ஒரு வரம்பைத் தாண்டினால் அதற்கப்புறம் வரும் ஒவ்வொரு நிறுவலுக்கும் கட்டணம் என்று அறிவித்தது. ஏற்கெனவே வெளிவந்த கேம்களும் அதில் அடக்கம். உலகம் முழுக்கச் சிறு தயாரிப்பாளர்கள் கொதித்தார்கள். தலைமை அதிகாரி விலகினார். ஓராண்டு கழித்து அந்தக் கட்டணமே ரத்தானது. ரத்தானாலும், பல வருட உழைப்பின் கணக்கை ஓர் அறிவிப்பு மாற்றிவிடும் என்ற பயம் நியாயமானது.

அன்ரியல், ஒரு கேம் 10 லட்சம் டாலர் ஈட்டும்வரை பங்கு கேட்பதில்லை. ஆனால் அதற்கு வலுவான கம்ப்யூட்டர் வேண்டும்.

கோடோ அர்ஜென்டினாவில் பிறந்தது. 2014இல் மூலநிரலோடு எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. எம்.ஐ.டி. உரிமம் என்பதால் எவ்வளவு சம்பாதித்தாலும் யாருக்கும் பங்கு தர வேண்டாம். சாதாரண லேப்டாப்பிலும் ஓடும். அதன் நிரல்மொழி பைத்தானின் சாயலில் இருப்பதால் பள்ளியில் பைத்தான் தொட்டவர்களுக்குச் சீக்கிரம் பிடிபடும்.

நமக்கென்று இன்னொரு காரணமும் உண்டு. எஞ்சினில் 'போளூர்' என்று அடித்துப் பாருங்கள். கம்ப்யூட்டர் முதலில் 'ப'வையும் பிறகு ஓகாரக் குறியையும் சேமிக்கிறது. திரையில் கொம்பு இடப்பக்கமும் கால் வலப்பக்கமும் பிரிந்து நிற்க வேண்டும். யூனிட்டியில் பெரும்பாலோர் பயன்படுத்தும் டெக்ஸ்ட்மெஷ்புரோ இதைத் தானாகச் செய்யாது, தமிழ் உருக்குலைந்துபோகும். 2023 மார்ச்சில் வந்த கோடோ 4, தமிழ் எழுத்துருவைச் சேர்த்துவிட்டால் சரியாகக் காட்டுகிறது. ஜவ்வாது மலைக் கதையைத் தமிழிலேயே சொல்ல நினைப்பவருக்கு இதைவிட முக்கியமான வசதி எனக்குத் தெரியவில்லை.

ஆனால் எஞ்சின் கதை எழுதித் தராது. கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் சமையலறையைக் காட்டும் 'வெண்பா' 2023இல் வந்தது. டொரோண்டோவின் விசை கேம்ஸ் செய்தது. யூனிட்டியில்தான் செய்தார்கள். இரண்டு மணி நேரத்துக்குள் ஆடி முடித்துவிடலாம். மறு ஆண்டு பாஃப்டா விருது பெற்றது. முதல் கேமுக்கு அந்த அளவே தாராளம்; எடுத்தவுடன் நூறு பேர் மோதும் போர்க்களத்தைக் கட்டப் போகாதீர்கள்.

விற்கும் செலவும் சொல்லிவிடுகிறேன். கம்ப்யூட்டர் கேம் விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் ஒரு கேமுக்கு 100 டாலர், விற்பனையில் 30 சதவீதம் அவர்களுக்கு. கூகுள் பிளேயில் ஒரே முறை 25 டாலர். புதிய தனிநபர் கணக்கென்றால் 12 பேர் 14 நாள் தொடர்ந்து சோதித்துப் பார்த்திருக்க வேண்டும். அந்தப் பன்னிரண்டு பேரை இப்போதே சேர்க்கத் தொடங்குங்கள். அதில் கேமே ஆடாத ஓர் அக்காவும் இருக்கட்டும். எங்கே புரியாமல் நிற்கிறார் என்று பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.