கடைசிக் காலத்துக்கு எந்த வீடு?

வயதான காலத்தில் எங்கே இருப்பது என்ற பேச்சு எங்கள் அன்னவாசல் பக்கத்துக்கும் வந்துவிட்டது. என் அப்பத்தா காலனியின் தொகுப்பு வீட்டைவிட்டு நகர மாட்டேன் என்கிறார். புதுக்கோட்டையில் ஆஸ்பத்திரிக்குப் பக்கமாக ஒரு வாடகை வீடு கிடைத்தால் போதும் என்கிறார் அம்மா. சென்னையில் வேலை பார்க்கும் என் வயதுக்காரர்களுக்கோ லிஃப்ட் வைத்த ஃபிளாட்தான் கனவு. மூன்று தலைமுறை, மூன்று விருப்பம் என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் இதில் எவ்வளவு விருப்பம், எவ்வளவு வேறுவழியின்மை?

அப்பத்தாவின் வீட்டில் கூரைப் பூச்சு உதிர்ந்து கம்பி தெரிகிறது. இரவில் கழிப்பறைக்குப் போக இரண்டு படி இறங்க வேண்டும். இருந்தும் அவர் போகாததை மண்பாசம் என்று நாம் கவிதையாக்கிவிடுகிறோம். "நீங்க என்ன ஆளுங்க?" என்று யாரும் கேட்காத ஒரே இடம் அவருக்கு அதுதான். அந்த நிம்மதிக்கும் உத்தரவாதமில்லை. வேங்கைவயல் எங்கள் அன்னவாசல் ஒன்றியத்தில்தான் இருக்கிறது. 2022 டிசம்பரில் மலம் கலக்கப்பட்டது அந்த மக்கள் குடிக்கும் தண்ணீர்த் தொட்டியில். 2025 ஜனவரியில் சிபிசிஐடி குற்றப்பத்திரிகை அதே குடியிருப்பைச் சேர்ந்த மூவரைக் கைகாட்டியது.

அம்மாவின் கதை வேறு. நகரத்தில் வீடு பார்க்கப் போனால் சொந்த ஊர் கேட்பார்கள், அடுத்துத் தெரு கேட்பார்கள், கடைசியில் "சைவமா?" என்பார்கள். 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், தீண்டாமையைக் காரணமாக வைத்து ஒருவர் எந்தப் பகுதியிலும் குடியிருப்பதைத் தடுப்பது குற்றம் என்கிறது. வீட்டுக்காரர் தீண்டாமை என்ற சொல்லை எங்கே உச்சரிக்கிறார்? கறி வாசனையைத்தானே சொல்கிறார்! பார்சிகளுக்கு மட்டுமே உறுப்பினர் உரிமை என்ற ஒரு வீட்டுவசதிச் சங்கத்தின் விதியை உச்ச நீதிமன்றமே 2005இல் செல்லும் என்றது.

சரி, காசு சேர்த்துவிட்டால்? கோவையைச் சுற்றி முளைத்திருக்கும் முதியோர் குடியிருப்புகள் பலவற்றில் பொதுச் சமையலறை சைவம் மட்டுமே. எழுபது வயதில் யார் உள்ளே வரலாம் என்பதை அங்கே சாம்பாரே முடிவு செய்துவிடுகிறது. தோழர்களே, நம் ஃபிளாட் கனவு போய் நிற்கும் வாசல் இது.

1997இல் அறிவிக்கப்பட்ட பெரியார் நினைவு சமத்துவபுரம் இந்த முடிச்சில் கைவைத்தது. நூறு வீட்டில் நாற்பது தலித்துகளுக்கு, மற்றவை பிற சாதியினருக்கு, எல்லாம் ஒரே வரிசையில். அதன் குறைகளைப் பேசலாம்தான். ஆனால் வீடு எங்கே இருக்கிறது என்பதே சாதி என்று புரிந்துகொண்ட திட்டம் அது. இன்றைய கலைஞரின் கனவு இல்லம் 3.5 லட்ச ரூபாயும் 360 சதுர அடியும் தருகிறது; பக்கத்து வீடு யாருடையது என்று கேட்பதில்லை. 2025 ஏப்ரலில் அரசு ஆவணங்களிலிருந்து 'காலனி' என்ற சொல் நீக்கப்படும் என்று முதல்வர் அறிவித்தார். வரவேற்போம். சொல் போகும், குடியிருப்பு ஊருக்கு வெளியே அதே இடத்தில்தான் இருக்கும்.

எனவே "அம்மாவை நகரத்துக்குக் கூட்டிட்டு வந்துடு" என்ற அறிவுரையில் எனக்கு உடன்பாடில்லை. போக விரும்புகிறவருக்குச் சாதி கேட்காத வாடகை வீடு வேண்டும். அதற்கு உணவைச் சாக்காக வைத்து மறுப்பதையும் தண்டிக்கும் சட்டம் வேண்டும். இருக்க விரும்புகிறவருக்குக் கைப்பிடி வைத்த கழிப்பறையும், பயமில்லாமல் குடிக்கத் தண்ணீரும், ஆம்புலன்ஸ் வாசல்வரை வரும் பாதையும் வேண்டும். அடுத்த முறை அதிகாரிகள் நமக்கு வீட்டுமனைப் பட்டா கொடுக்க வரும்போது, மனை ஊருக்குள்ளா வெளியிலா என்று முதலில் கேட்போம்.