பாணும் பனுவலும்

எங்கள் மாணவர் நடத்தும் கையெழுத்துச் சஞ்சிகையின் இதழொன்று அண்மையில் திருத்தத்துக்காக என் மேசைக்கு வந்தது. வழக்கம்போல வெண்பாக்கள் சில, திருக்குறட் கட்டுரை ஒன்று, தமிழின் தொன்மை பற்றிய கட்டுரை ஒன்று. இவற்றுக்கிடையே, "நான் செய்யும் சான்ட்விச்" என்ற தலைப்பில் மாணவர் மூவர் எழுதிய சிறு குறிப்புக்களும் இருந்தன. ஒருத்தி அவித்த முட்டையை மசித்து, மிளகுதூளும் பொடியாக அரிந்த சின்ன வெங்காயமும் சேர்த்துப் பாணிடை வைத்திருந்தாள். ஒருவன் கதலி வாழைப்பழத்தை வட்டம் வட்டமாக அரிந்து சீனி தூவியிருந்தான். மற்றவன் முதனாள் இரவு மிஞ்சிய பருப்புக்கறியை நீர் வற்றக் காய்ச்சிப் பூசியிருந்தான். என்னுடன் பணிபுரியும் மூத்த பண்டிதர் ஒருவர் இவற்றைப் பார்த்துவிட்டு, "இவை குசினிக்குரிய சங்கதிகள், ஏட்டிலே ஏறத் தக்கன அல்ல. நீக்கிவிடும்" என்றார். நான் நீக்கவில்லை. இடம் போதாமையால் வெண்பாக்களில் இரண்டை நீக்கினேன். அன்று தொடங்கிய வாதம் இன்னும் ஓய்ந்தபாடில்லை. என் பக்கத்து நியாயத்தை இங்கே எழுதிவைக்கிறேன்.

அடுக்களைச் செய்தி ஏட்டில் ஏறலாகாது என்பவர், நமது ஏடுகளைத் திறந்து பார்த்தவராக இருத்தல் இயலாது. சிறுபாணாற்றுப்படையிலே நல்லியக்கோடன் பாணரை விருந்தோம்பும் இடத்தில், வீமன் செய்த அடிசில் நூலின் நெறி தவறாமல் உணவு சமைக்கப்பட்டதாக நத்தத்தனார் கூறுகின்றார். சமையலுக்கு அங்கே "பனுவல்" என்றே பெயர். இலக்கணத்துக்கும் காவியத்துக்கும் வழங்கும் அதே சொல். குறுந்தொகையில் கூடலூர் கிழார் பாடிய 167ஆம் பாட்டை நாம் ஆண்டுதோறும் வகுப்பிலே படிப்பிக்கின்றோம். தயிர் பிசைந்த விரலை உடுத்த ஆடையிலே துடைத்துக்கொண்டு, தாளிப்புப் புகை கண்ணிலே படப் புளிக்குழம்பு வைத்த இளம் பெண்ணையும், அதனை இனிதென்று உண்ட கணவனையும், அது கண்டு அவள் முகம் மெல்ல மலர்ந்ததையும் செவிலி வந்து சொல்கிறாள். திணை, துறை, மெய்ப்பாடு யாவும் விரித்துரைக்கிறோம். அந்தக் குழம்பு குசினியிலேதானே வைக்கப்பட்டது? அப்பாட்டிலே எனக்குள்ள குறை ஒன்றே. தயிர் எவ்வளவு என்று புலவர் சொல்லவில்லை.

இதற்கு விடை கூற இயலாத நண்பர், வேறொரு வாயிலால் வந்தார். "புளிக்குழம்பு நம்முடையது, சான்ட்விச் அந்நியருடையது, அதற்குத் தமிழிலே பெயர்தானும் உண்டோ?" என்றார். குசினி என்ற சொல்லைச் சற்று முன்னர்த்தான் அவர் ஆண்டார். அது போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொல். 1619இல் யாழ்ப்பாண அரசு அவர் கைப்பட்டது. 1658இல் ஒல்லாந்தர் வந்தனர். இடைப்பட்ட அந்தச் சில பத்தாண்டுகளின் நினைவாக நாவிலே தங்கிய சொற்கள் பல. பாண், விசுக்கோத்து, மேசை, வாங்கு, குசினி ஆகிய இவை இல்லாமல் நமது காலைப் பொழுது நடவாது. கடைப்பலகைகளிலே "வெதுப்பகம்" என்று நல்ல தமிழில் எழுதும் வழக்கம் நம்மிடையே உண்டு. எனக்கும் அச்சொல் பிடிக்கும். ஆயினும் வெதுப்பகத்துக்குப் போய் நாம் வாங்குவது பாண்தான். அதையும் "ஒரு றாத்தல் பாண்" என்றே கேட்கிறோம். நிறுவை 450 கிராமாகி எத்தனையோ காலமாயிற்று, றாத்தல் போகவில்லை. தொல்காப்பியர் வகுத்த திசைச்சொல்லின் எல்லை வேறு என்பதை அறிவேன். ஆனாலும் அவர் திறந்து வைத்த கதவு வழியே பாணும் சான்ட்விச்சும் உள்ளே வந்து அமரட்டும். "பாணிடை" என்று மாணவி ஒருத்தி புதிதாக ஆக்கிக்கொண்டு வந்தாள். நல்ல ஆக்கம். ஆனால் கடையிலே அப்படிக் கேட்டால் என்ன கொடுப்பார்களோ தெரியாது.

அப்பெயரின் வரலாறும் சுவையுடையது. சான்ட்விச் என்பது இங்கிலாந்திலே கென்ற் பகுதியிலுள்ள ஓர் ஊர். அவ்வூர்ப் பெயரைப் பட்டமாகக் கொண்ட பிரபுக்களில் நான்காமவர் ஜோன் மொன்ராகு (1718 - 1792). சூதாட்ட மேசையை விட்டெழ மனமின்றி, பாண் துண்டுகளுக்கிடையே இறைச்சியை வைத்துக் கொண்டுவரச் சொன்னார் என்பது பிரெஞ்சு யாத்திரிகர் ஒருவர் எழுதிவைத்த கதை. கடற்படை அமைச்சராயிருந்த அவர் அலுவல் மிகுதியால் எழுத்து மேசையிலிருந்தே அப்படி உண்டிருக்கலாம் என்று அவரது வரலாற்றை ஆராய்ந்தவர் கூறுவர். ரோம சாம்ராச்சியத்தின் வீழ்ச்சியை எழுதிய எட்வேட் கிப்பன் 1762ஆம் ஆண்டு தமது நாட்குறிப்பிலே இப்பண்டத்தைப் பெயர் சொல்லிக் குறித்துள்ளார். அத்தகைய பேரறிஞருக்கு ஒரு பாண் துண்டைப் பற்றி எழுத வெட்கமில்லை. நமக்குத்தான் வெட்கம். சூதோ அலுவலோ, உண்பதற்கு நேரமில்லாத ஒருவருக்காகப் பிறந்த உணவு அது என்பதில் ஐயமில்லை.

நிற்க. நமது மாணவர் எவருக்காவது காலையில் நேரமுண்டா? பருப்புக்கறிக் குறிப்பை எழுதிய பையனின் முதல் வாக்கியம் இது: "தம்பிக்கும் தங்கச்சிக்கும் வெட்டிக் குடுத்த பிறகு மிச்சத்தில் நான் எனக்குச் செய்வேன்." அவன் பெரும்பாலும் முதற்பாடத்துக்குப் பிந்தியே வருவான். பலமுறை கண்டித்திருக்கிறேன். வாசலிலே நிறுத்தியும் வைத்திருக்கிறேன். இரண்டாண்டு அவனுக்குப் படிப்பித்தும் நான் அறியாத ஒன்றை, ஏட்டிலே ஏறத் தகாதென்று நண்பர் ஒதுக்கிய அந்த அரைப் பக்கம் எனக்கு அறிவித்தது. அவன் வெண்பா எழுதியிருந்தால் தளை தட்டியதைத்தான் அறிந்திருப்பேன். "குடுத்த" என்பதைக் "கொடுத்த" என்று திருத்தினேன். வேறெதனையும் தொடவில்லை.

இப்போது எனது வழக்கின் மறுபாதிக்கு வருகிறேன். இதிலே நான் பண்டிதரோடன்றி நம் வீட்டுப் பெண்மணிகளோடும் பிணங்க வேண்டியிருக்கிறது. நல்ல சமையற்காரி எவரிடமாவது, "இதற்கு உப்பு எவ்வளவு?" என்று கேட்டுப் பாருங்கள். "கண்ணளவுதான்", "கைப்பக்குவம்", "அதெல்லாம் சொல்லி வராது" என்பனவே விடை. அச்சிட்ட சமையல் நூல்களோ ஒருபடி மேலே போய், "உப்பு தேவையான அளவு" என்று எழுதிவைக்கின்றன. தேவையான அளவு எது என்று தெரியாதவன்தானே அந்த நூலை விரிக்கிறான்? "பதம் வந்ததும் இறக்கவும்" என்பது இன்னொன்று. பதம் என்பது நூலினுள் இருக்கவேண்டும். எழுதியவர் அதனைத் தம் அடுக்களையிலேயே விட்டுவிட்டு வந்துவிடுகிறார். சூத்திரத்துக்குச் சில்வகை எழுத்தும் தெளிவும் வேண்டுமென்று இலக்கணம் படிப்பிக்கும் நாம், உணவுக் குறிப்புக்கும் அவற்றை வேண்டினால் என்ன?

மொழிநடையும் அவ்வாறே. "போடவும்", "கலக்கவும்" என்று அரசாங்கச் சுற்றறிக்கை போல எழுதுவதிலும், "இடுக", "கலக்குக" என்று எழுதுவது அழகு என்பது என் கருத்து. ஒரு மாணவி தொடக்கம் முதல் முடிவு வரை "போடுங்கோ", "பூசுங்கோ" என்றே எழுதியிருந்தாள். முன்னே ஒருவரை இருத்தி வைத்துச் சொல்லிக்கொடுப்பது போன்ற அந்தத் தொனியைக் கெடுக்க மனம் வரவில்லை. விட்டுவிட்டேன்.

அளவு சொல்லலாம் என்பதைக் காட்டுதற்கு, நான் அறிந்த ஒன்றை அளவோடு தருகிறேன். தேங்காய்ச் சம்பலும் பாணும் நம் நாட்டிலே சாதி, மதம், மொழி யாவற்றையும் கடந்த கூட்டு. ஆயினும் பாணைச் சம்பலிலே தொட்டு உண்பது வேறு, இரண்டு துண்டுகளுக்கிடையே சம்பலை அடைத்துப் பாடசாலைக்குக் கொண்டுபோவது வேறு. பின்னதிலே இரண்டு இடர்கள் உண்டு. சம்பலின் ஈரம் பாணை ஊறவைத்துக் களியாக்கிவிடும்; பச்சைத் தேங்காயும் வெங்காயமும் நமது வெயிலிலே மதியத்துக்குள் புளித்துவிடும்.

ஆகவே, ஒரு பாதித் தேங்காய்க்குச் செத்தல் மிளகாய் 8, சின்ன வெங்காயம் 8, உப்பு முக்கால் தேக்கரண்டி, தேசிக்காய் பாதி. காரம் ஆகாதவர் மிளகாயை நான்காகக் குறைக்க. துருவிய தேங்காய்ப்பூவை எண்ணெய் விடாது தாச்சியிலே மெல்லிய நெருப்பில் ஐந்து நிமிடம் புரட்டுக. நிறம் மாறலாகாது, கையில் எடுத்தால் ஈரம் ஒட்டாதிருந்தால் போதும். மிளகாயையும் உப்பையும் முதலில் உரலில் இடித்து, அதன்மேல் வெங்காயத்தை இட்டு நசித்து, கடைசியாகத் தேங்காய்ப்பூவை இட்டு இரண்டு மூன்று தரம் மாத்திரம் இடிக்க. நீர் ஒரு துளியும் சேர்க்கலாகாது. மின்னரைப்பானில் அரைப்பவர் நீர் விடாமல் அரைக்க இயலாது தவிப்பர். அதனால் உரலே நன்று. தேசிப்புளியைக் கடைசியாகப் பிழிந்து கையால் பிசறுக. பாண் அச்சுப்பாணாக இருக்கட்டும். றோஸ்பாண் இதற்குத் தோதன்று. அன்று சுட்ட பாண் வெட்டும்போது நசியும். முதனாட் பாண் நேராக வெட்டுப்படும். துண்டு ஒவ்வொன்றின் உட்புறத்திலும் பட்டரோ மாஜரீனோ ஓரம் வரை தடவுக. இது ருசிக்கு மட்டுமென்று பலர் எண்ணுவர். கொழுப்பு ஈரத்தைப் பாணுக்குள் இறங்கவிடாது தடுக்கும் என்பதே பெரிய காரணம். அதன்மேல் சம்பலை விரல் தடிப்பில் பரப்பி மூடி, கையால் ஒருமுறை அழுத்தி வெட்டுக.

சம்பலுக்குப் பதிலாகத் தேங்காய்ப்பூவும் சீவிய பனங்கட்டியும் வைக்கலாம்; சிறுபிள்ளைகளுக்கு உகந்தது. தகரத்து மீனை முள் நீக்கி, தேசிப்புளியும் மிளகுதூளும் சேர்த்து மசித்தும் வைக்கலாம். நீரை நன்றாக வடித்துவிட வேண்டும். பிறந்தநாள் வீடுகளிலே கரட்டையும் பீற்றூட்டையும் துருவி மாஜரீனோடு குழைத்து, மூன்று நிறமாக அடுக்கி, முக்கோணமாக வெட்டித் தட்டிலே வைக்கிறார்களே, அது கண்ணுக்கு விருந்து. அதற்காகக் கரைகளை எல்லாம் சீவிக் காகத்துக்கு எறிவதை மாத்திரம் என்னால் பொறுக்க முடிவதில்லை. பாணின் சுவையிற் பாதி அதன் கரையிலே இருக்கிறது.

கோதுமை நமது மண்ணின் பயிரன்று, முழுதும் கப்பலில் வருவது, 2022ஆம் ஆண்டு நெருக்கடியிலே மாவும் பாணும் பட்ட பாட்டை மறந்தீரோ என்று கேட்பவர் கேட்கலாம். மறக்கவில்லை. புட்டையும் இடியப்பத்தையும் கைவிடுமாறு நான் சொல்லவுமில்லை. நீரிழிவு உள்ளவர் வைத்தியர் சொற்படி நடப்பாராக.

அளவு எழுதவேண்டும் என்று நான் இத்துணை வற்புறுத்துவதற்குச் சொந்தக் காரணம் ஒன்று உண்டு. 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுதும் பெயர்ந்து தென்மராட்சி நோக்கி நடந்தபோது நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். வயது இருபதுகளின் நடு. நாவற்குழிப் பாலத்தைக் கடக்க எவ்வளவு நேரமாயிற்றென்று இப்போது கணக்கில்லை. மறுநாட் காலை சாவகச்சேரிக்கு அப்பால் ஒரு வீட்டுத் திண்ணையிலே எம்மவர் பத்துப் பன்னிரண்டு பேர் குந்தியிருந்தோம். முன்பின் அறியாத அந்த வீட்டு ஆச்சி, இருந்த ஒரு றாத்தல் பாணை எண்ணி எண்ணி வெட்டி, சம்பலை உள்ளே வைத்து ஒவ்வொருவர் கையிலும் தந்தார். "உள்ளது இவ்வளவுதான் மக்காள்" என்றார். அவருக்கென்று ஒரு துண்டு இருந்ததாக எனக்கு நினைவில்லை.

அந்தச் சம்பலிலே ஏதோ ஒன்று இருந்தது. வறுத்த மணம், தேசிப்புளியல்லாத ஒரு புளிப்பு. மிளகாயை நெருப்பிலே சுட்டிருப்பாரோ, மாங்காய் சேர்த்திருப்பாரோ, அறியேன். அன்று கேட்கவேண்டுமென்று தோன்றவில்லை. ஏழெட்டு ஆண்டுகள் சென்றபின் தேடிப்போனேன். வீடு இருந்த இடத்திலே அத்திவாரம் மாத்திரம் இருந்தது. ஆச்சி காலமாகிவிட்டதாக அயலவர் சொன்னார்கள். அவருடைய சம்பலைப் பற்றி அவர்களுக்கும் தெரியவில்லை. என் மனைவி, "அது பசியின்ர ருசி, வேறொன்றுமில்லை" என்று சொல்லுவார். இருக்கலாம். ஆயினும் சுட்ட மிளகாய், வறுத்த தேங்காய், பழப்புளி, மாங்காய் எனப் பலவாறு இடித்துப் பார்த்துவிட்டேன், ஒன்றும் ஒத்துவரவில்லை. மேலே தந்த சம்பற் குறிப்பும் அந்த முயற்சிகளில் ஒன்றின் மிச்சமே.

தென்மராட்சிப் பக்கத்து வாசகர் எவரேனும், தேசிப்புளி சேராது, வறுத்த மணத்தோடு சம்பல் இடிக்கும் வழக்கம் தம் வீட்டில் இருந்ததை அறிவாராயின் எழுதியனுப்புமாறு வேண்டுகிறேன். மிளகாய் எத்தனை, உப்பு எவ்வளவு என்பவற்றையும் மறவாது குறிப்பிடுக.