காலை எட்டு மணி சிரப்

இரவெல்லாம் அனலாய்க் கொதித்த குழந்தைக்குக் காலையில் ஒரு மூடி பாராசிட்டமால் சிரப் கொடுக்கிறோம். முக்கால் மணி நேரத்தில் வேர்த்துக் கொட்டுகிறது, உடம்பு குளிர்கிறது. "காய்ச்சல் விட்டிருச்சு" என்று முகம் கழுவி, பவுடர் போட்டு, டே கேரில் கொண்டுபோய் விட்டுவிட்டு வேலைக்கு ஓடுகிறோம். சென்னையில் ஐ.டி. வளாகத்துக்குள் இருக்கும் குளிர்சாதனக் காப்பகத்திலும், பனியன் கம்பெனிக்குப் போகும் அம்மா பிள்ளையை விட்டுச் செல்லும் திருப்பூர் பால்வாடியிலும் ஒரே நம்பிக்கைதான் ஆட்சி செய்கிறது: உடம்பு சுடவில்லையா, பிள்ளைக்கு ஒன்றுமில்லை. படித்தவர், படிக்காதவர் என்ற வித்தியாசம் இதில் கிடையாது. இந்த நம்பிக்கை தவறானது. சில நேரங்களில் உயிருக்கே உலை வைப்பது.

காய்ச்சல் என்பது நோயை எதிர்க்க உடம்பு தானே ஏற்றிக்கொள்ளும் சூடு. பாராசிட்டமால் அந்தச் சூட்டை நான்கிலிருந்து ஆறு மணி நேரத்துக்கு இறக்கிவைக்கும். நோய்க்கிருமியை அது எதுவும் செய்யாது. தொண்டையில் இருக்கும் வைரஸ் அங்கேயேதான் இருக்கும். இருமினால், தும்மினால், பொம்மையை வாயில் வைத்தால் வெளியே வரும். எட்டு மணிக்குக் கொடுத்த சிரப்பின் வேகம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் தீர்ந்துபோகிறது. ஒரு மணிக்கு மிஸ்ஸிடமிருந்து போன் வருகிறது. அதற்குள் அந்தக் குழந்தை பத்துப் பதினைந்து குழந்தைகளோடு ஒரே பாயில் உருண்டு, ஒரே பந்தைக் கடித்து முடித்திருக்கும். அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம், பிள்ளையை மறுபடி அனுப்பும் முன் காய்ச்சல் நின்று 24 மணி நேரம் ஆகட்டும், அதுவும் காய்ச்சல் மருந்து கொடுக்காமலே நின்றிருக்கட்டும் என்கிறது. மருந்து கொடுக்காமல் என்கிற அந்த நிபந்தனையைத்தான் நாம் சௌகரியமாக விட்டுவிடுகிறோம்.

தொற்றைக்கூட ஒரு பக்கம் வையுங்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நம் ஊரில் இந்த நம்பிக்கை செய்யக்கூடிய பெரிய கேடு டெங்குவில் இருக்கிறது. டெங்குவில் அபாயமான கட்டம் காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போது வருவதில்லை. மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் இறங்குகிறது. பெரும்பாலும் அந்த இறக்கத்தை ஒட்டித்தான் ரத்தக் குழாய்களிலிருந்து நீர்ச்சத்து கசியத் தொடங்குகிறது. அடுத்த 24 முதல் 48 மணி நேரம்தான் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்க்க வேண்டிய நேரம். வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், சிறுநீர் குறைவது, கை கால் சில்லிட்டுப் போவது, துவண்டு படுப்பது ஆகியவைதான் அறிகுறிகள். இரண்டு வயதுப் பிள்ளைக்கு வயிறு வலிக்கிறது என்று சொல்லத் தெரியாது. அழும், அல்லது அழக்கூடத் தெம்பில்லாமல் சுருண்டு படுக்கும். பதினைந்து பிள்ளைகளை மேய்க்கும் ஆயாம்மா பார்த்தால், "இன்னைக்கு சமர்த்தாத் தூங்குறான்" என்றுதான் நினைப்பார். அவரைக் குறை சொல்ல முடியாது. காய்ச்சல் விட்டுவிட்டது என்று சொல்லித்தானே நாம் விட்டுவிட்டு வந்தோம்? அம்மாவோ பாட்டியோ மடியில் போட்டுக்கொண்டு பார்க்க வேண்டிய நாளில், அடையாளம் கண்டுபிடிக்க வழியில்லாத இடத்துக்குப் பிள்ளையை அனுப்பிவிடுகிறோம்.

எல்லாக் காய்ச்சலும் டெங்கு இல்லை. ஆனால் முதல் இரண்டு மூன்று நாளில் எது டெங்கு, எது சாதாரண வைரஸ் காய்ச்சல் என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. காய்ச்சல் சட்டென்று இறங்க வேண்டும் என்று மெஃபினமிக் ஆசிட், இபுபுரூஃபன் சிரப்புகளை மருந்துக் கடையில் தானே வாங்கிக் கொடுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: டெங்குவாக இருந்தால் இவை ரத்தக் கசிவைக் கூட்டக்கூடும். ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது என்பதையும் மறக்க வேண்டாம். காய்ச்சலோடு காப்பகத்தில் படுத்திருக்கும் ஒரு குழந்தையைக் கடிக்கும் கொசு, அங்கேயே தங்கி, சில நாள் கழித்துப் பக்கத்துப் பாயில் தூங்கும் குழந்தையையும் கடிக்கும்.

இதே குழப்பத்தின் மறுபாதி காப்பகங்களின் வாசலில் நிற்கிறது. மூக்கு ஒழுகினால் அழைத்து வராதீர்கள், சளி பச்சையாக இருந்தால் டாக்டர் சீட்டு வேண்டும் என்கிறார்கள். காப்பகத்துக்குப் போகத் தொடங்கிய குழந்தைக்கு வருடத்தில் எட்டு, பத்து முறை சளி பிடிப்பது இயல்பு. ஒவ்வொன்றும் பத்து நாள், இரண்டு வாரம்கூட இழுக்கும். மூக்கு காயும்வரை வீட்டில் வைத்திருப்பதென்றால் வருடத்தில் மூன்றில் ஒரு பங்கு வீட்டில்தான். சளி பச்சையாவது பாக்டீரியாவின் முத்திரையும் அல்ல. கிருமியோடு போராடும் வெள்ளணுக்களில் உள்ள நொதியின் நிறம் அது. இந்த அர்த்தமற்ற கெடுபிடி தேவையில்லாத ஆன்டிபயாட்டிக்கில்தான் முடிகிறது, அல்லது இருமல் சிரப்பில். 2025 செப்டம்பர், அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவிலும் சுற்றுவட்டாரத்திலும் நச்சு கலந்த இருமல் சிரப் குடித்து இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அந்த சிரப் தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். அந்த வீடுகளிலும் பிள்ளைக்கு இருந்தது சளியும் காய்ச்சலும்தான்.

சளியோடு ஓடி விளையாடி, சாப்பிட்டு, வழக்கம்போல் சிறுநீர் கழிக்கும் பிள்ளையை அனுப்புங்கள். உடம்பு சுடாவிட்டாலும் சோர்ந்து, தாய்ப்பாலோ தண்ணீரோ வேண்டாமென்று முகம் திருப்பும் பிள்ளையை வைத்துக்கொள்ளுங்கள். டயப்பருக்கு வெளியே வழியும் பேதி, ஒரு நாளில் இரண்டு முறைக்கு மேல் வாந்தி, வாய்ப்புண்ணால் எச்சில் ஒழுகுவது ஆகியவற்றுக்குத் தெர்மாமீட்டர் தேவையில்லை. ஒரு வயது தாண்டிய குழந்தை நிமிடத்துக்கு நாற்பது முறையோ அதற்கு மேலோ மூச்சு வாங்கினால், விலா ஒடுங்கினால், காப்பகத்தையும் வீட்டையும் மறந்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அம்மைக்கு மட்டும் நம் வீடுகளில் வேறு நியாயம் இருக்கிறது. சின்னம்மை போட்ட பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதா என்று யாரும் கேட்பதில்லை. வேப்பிலை கட்டி, கொப்புளம் வாடித் தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை வெளியே விடுவதில்லை. கொப்புளங்கள் எல்லாம் பொருக்குத் தட்டும்வரை தொற்றும் என்றுதான் மருத்துவமும் சொல்கிறது. சூட்டை வைத்து முடிவெடுக்காமல் பிள்ளையின் உடம்பைப் பார்த்து முடிவெடுக்கும் பழக்கம் நமக்குப் புதிதல்ல. சிரப் பாட்டில் கைக்கு வந்தபின் அதைக் கைவிட்டோம்.

"லீவு யார் கொடுப்பது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 2017இல் மகப்பேறு சட்டத்தைத் திருத்தி 26 வாரம் விடுப்பு என்றார்கள், 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் கட்டாயம் என்றார்கள். அந்தக் காப்பகத்துக்கு வரமுடியாதபடி பிள்ளை படுத்துக்கொண்டால் என்ன செய்வது என்று ஒரு வரி இல்லை. இ.எஸ்.ஐ. நோய்க்கால உதவித்தொகை தொழிலாளி தான் படுத்தால் கிடைக்கும்; பிள்ளை படுத்தால் கிடைக்காது. மத்திய அரசில் வேலை பார்க்கும் பெண்களுக்குப் பணிக்காலம் முழுவதற்குமாக 730 நாள் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு உண்டு. தையல் மிஷின் முன்னால் இருப்பவருக்கும் வீட்டு வேலை செய்பவருக்கும் ஒரு நாள்கூடக் கிடையாது. ஸ்வீடனில் பிள்ளைக்கு உடம்பு சரியில்லையென்றால் ஒரு குழந்தைக்கு வருடத்துக்கு 120 நாள்வரை தாயோ தந்தையோ உதவித்தொகையோடு வீட்டில் இருக்கலாம். தந்தையும் இருக்கலாம் என்பதை இரண்டாம் முறை படியுங்கள். நம் வீடுகளில் அம்மாவின் லீவு தீர்ந்தபிறகும் அப்பாவின் லீவை யாரும் எண்ணுவதில்லை.

அதனால்தான் கூலி போய்விடுமே என்று அனுப்பும் தாயின்மேல் என் கோபம் இல்லை. "சிரப் கொடுத்துட்டு வாங்கம்மா" என்று போனில் சொல்லும் சூப்பர்வைசர் மேல்தான் கோபம். இந்த நம்பிக்கை இருக்கும்வரை முதலாளிக்கும் அரசுக்கும் விடுப்பு தரவேண்டிய அவசியமே எழாது. பத்து நாள், வெறும் பத்து நாள், சம்பளத்தோடு, தாய் தந்தை இருவருக்கும் சட்டப்படி கிடைத்தால் இந்தக் காலை சிரப்பில் பெரும்பகுதி நின்றுவிடும். அதைக் கேட்காத தொழிற்சங்கங்கள் கேட்க வேண்டும்.

அதுவரை, வேறு வழியே இல்லாமல் அனுப்புகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். மறைக்காதீர்கள். பாராசிட்டமால் சிரப் ஐந்து மில்லிக்கு 120 மில்லிகிராமிலும் வருகிறது, 250இலும் வருகிறது. சொட்டு மருந்து இன்னும் செறிவானது. நீங்கள் கொடுத்தது தெரியாமல் காப்பகத்தில் மறுபடி கொடுத்தால் பாதிக்கப்படுவது பிள்ளையின் ஈரல். எத்தனை மணிக்கு, எந்த மருந்து, எத்தனை மில்லி, காய்ச்சல் தொடங்கி எத்தனையாவது நாள் என்று ஒரு துண்டுத்தாளில் எழுதி மிஸ் கையில் கொடுங்கள். காப்பகம் நடத்துகிறவர்களே, உண்மையைச் சொன்ன பெற்றோரை வாசலில் வைத்துத் திட்டாதீர்கள். திட்டினால் நாளைக்கு எவரும் சொல்லமாட்டார்கள்.