மாத்திரையை நிறுத்தச் சொல்ல நீங்கள் யார்?

என் பெரியம்மா மகள், எனக்கு அக்கா. மனச்சோர்வு நோய்க்கு எட்டு மாதம் மாத்திரை சாப்பிட்டு, ஒருவழியாகத் தூக்கம் பிடித்து, மறுபடி அடுப்படிப் பக்கம் போகத் தொடங்கியிருந்தாள். அப்போதுதான் பக்கத்துத் தெருவில் ஒரு தியான வகுப்பில் சேர்ந்தாள். மூன்றாம் நாளே பயிற்சி தருபவர் சொன்னாராம்: “மாத்திரை மனசை மந்தமாக்கிடும்மா. தினம் ஒரு மணி நேரம் உட்காருங்க, அதெல்லாம் தேவைப்படாது.” அன்றிரவே மாத்திரை அட்டையைப் பரண்மேல் போட்டுவிட்டாள். ஒரு வாரத்துக்குள் தலைசுற்றல், படபடப்பு. ஐந்தாவது வாரம் நான் போனபோது சுவரோரம் பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். மூடிய கண்களிலிருந்து நீர் வழிந்துகொண்டே இருந்தது. “இதைக்கூட ஒழுங்கா செய்ய முடியலடா என்னால” என்றாள்.

நோயோடு ஒரு குற்றவுணர்வையும் சேர்த்துச் சுமக்க வைத்துவிட்டார்கள். என் கோபம் அதன்மேல்தான்.

“மனசு சம்பந்தப்பட்டதுதானே, மனசாலேயே சரிபண்ணிக்கலாம்” என்று கல்யாண வீட்டிலும் சொல்கிறார்கள், குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் சொல்கிறார்கள். படித்தவர்களும் சொல்கிறார்கள். கேட்க இதமான பேச்சு, ஆனால் தவறான பேச்சு. தைராய்டு சுரப்பு குறைந்தாலும் மனம் சோர்ந்துபோகும். பி12 சத்து குறைந்தாலும் அப்படி ஆகலாம். பிள்ளை பெற்ற தாய்க்கு வரும் மனச்சோர்வைத் தனியாகக் கவனிக்க வேண்டும். அளவுமீறிய உற்சாகமும் ஆழ்ந்த சோர்வும் மாறிமாறி வரும் இருதுருவ நோய்க்கு மருந்தே வேறு. எது எதுவென்று பிரித்தறிய ரத்தப் பரிசோதனையும் மருத்துவரின் விசாரிப்பும் வேண்டும். மூச்சைக் கவனித்து உட்கார்ந்திருப்பவருக்குத் தன்னுடைய தைராய்டு அளவு தெரியவராது.

நான் தியானத்தின் எதிரி அல்ல. பல வருடங்களாகக் காலையில் உட்காருகிறவன். அதனால் கிடைக்கும் நிதானம் எனக்குத் தெரியும். அதன் எல்லையும் தெரியும். 2014-இல் ‘ஜாமா இன்டர்னல் மெடிசின்’ இதழில் வெளிவந்த ஒரு கட்டுரை 47 ஆய்வுகளை, 3,500 பேருக்கு மேற்பட்டவர்களின் அனுபவத்தை, ஒன்றுசேர்த்து அலசியது. பதற்றம், சோர்வு, வலி மூன்றிலும் தியானம் ஓரளவு பலன் தருகிறது என்பதே முடிவு. மருந்தையோ உடற்பயிற்சியையோ விட அது மேலானது என்பதற்கு அங்கே சான்று கிடைக்கவில்லை.

மனச்சோர்வுக்கென்றே தியானத்தை மருத்துவத்துக்குள் கொண்டுவந்தவர்கள் ஸிண்டல் சேகல், மார்க் வில்லியம்ஸ், ஜான் டீஸ்டேல் என்ற மூன்று உளவியல் அறிஞர்கள். எட்டு வாரப் பயிற்சி அது. நோயிலிருந்து மீண்டவருக்கு நோய் திரும்பி வராமல் தடுக்கவே அதை முதலில் வடிவமைத்தார்கள். 2015-இல் பிரிட்டனில் 424 பேரிடம் அந்தப் பயிற்சியை மாத்திரையோடு ஒப்பிட்டார்கள். ஒன்று மற்றதை வெல்லவில்லை. அங்கேயும் பயிற்சி பெற்றவர்கள் மாத்திரையைப் பரண்மேல் வீசவில்லை. மருத்துவர் துணையோடு படிப்படியாகக் குறைத்தார்கள். திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றலும் தூக்கமின்மையும் எரிச்சலும் வரலாம், அடங்கியிருந்த நோயும் தலைதூக்கலாம். அக்காவுக்கு நடந்தது அதுதான்.

“நம் முன்னோர் மருந்தா சாப்பிட்டார்கள்?” என்று கேட்பவர்கள் முன்னோரையாவது சரியாகப் படிக்கட்டும். பதஞ்சலியின் எட்டு அங்கங்களில் தியானம் ஏழாவது. ஒழுக்கம், உடல், மூச்சு, புலனடக்கம் எல்லாம் தாண்டித்தான் அங்கே வர முடியும். உடலைப் பேணுவதே உயிரைப் பேணுவது என்று போதித்தவர் திருமூலர். பத்து நாள் விபாசனா தியான முகாமில் சேர விண்ணப்பித்தால், மனநோய் உண்டா, மருந்து சாப்பிடுகிறீர்களா என்று படிவத்திலேயே கேட்கிறார்கள். தீவிர மனநோய் உள்ளவர்களுக்கு அந்தப் பயிற்சியை அவர்கள் பரிந்துரைப்பதும் இல்லை. முறையாகக் கற்றுத்தருபவர்களுக்குத் தங்கள் எல்லை தெரிந்திருக்கிறது.

நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் நடத்திய 2015-16 தேசிய மனநல ஆய்வின்படி, நம் நாட்டில் மனநோய் உள்ள பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு மேல் சிகிச்சையே பெறவில்லை. வெட்கத்தையும் செலவையும் மீறி ஆஸ்பத்திரி வாசலை மிதித்த சிலரையும் திருப்பி அனுப்புவது ஆன்மிகம் ஆகாது.

அக்கா மறுபடி மருத்துவரிடம் போனாள். நான்தான் கூட்டிப்போனேன். தேறிவர மேலும் நான்கு மாதம் ஆனது. இப்போது காலையில் பத்து நிமிடம் உட்காருகிறாள், இரவில் மாத்திரையும் சாப்பிடுகிறாள். ஒன்று மற்றதுக்கு இடைஞ்சலாக இல்லை.

தியானம் கற்றுத்தரும் ஐயாமாரே, அம்மாமாரே, உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். புதிதாக வருபவரிடம் முதல் நாளே விசாரியுங்கள்: “மருந்து ஏதும் சாப்பிடுறீங்களா?” ஆமென்றால், “டாக்டரைக் கேக்காம நிறுத்திடாதீங்க” என்று சொல்லுங்கள். மருத்துவரிடமே போகாதவர் என்றால் அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416-ஐ ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். அதன் பிறகு பாயை விரிக்கச் சொல்லுங்கள்.