நடைபாதைச் சண்டையும் நாலு வார்த்தையும்

செம்பாக்கத்தில் காலை ஆறு மணிக்கு டீக்கடையில் இரண்டு பேர் ஏரியைப் பற்றிப் பேசினால் அது பேச்சு. அதே இரண்டு பேர் இரவு பத்து மணிக்குக் குடியிருப்போர் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் பேசினால் பெரும்பாலும் அது சண்டை. காரணம் ரொம்ப எளிது. டீக்கடையில் எதிராளியின் முகம் தெரிகிறது. குழுவிலோ இருநூறு பேர் வேடிக்கை பார்க்கிறார்கள். ஒரு அடி இறங்கி வந்தாலும் தோற்றுப்போனது மாதிரி ஆகிவிடுகிறது.

செம்பாக்கம் ஏரி சுமார் 100 ஏக்கர். பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குத் தண்ணீர் அனுப்பும் ஏரிச் சங்கிலியில் இதுவும் ஒன்று. அந்தச் சதுப்பு நிலத்துக்கு 2022-ல் ராம்சார் அங்கீகாரம் கிடைத்தது. செம்பாக்கம் ஏரியை மீட்க தி நேச்சர் கன்சர்வன்சி, சென்னை ஐ.ஐ.டி., கேர் எர்த் அறக்கட்டளை ஆகியவை சேர்ந்து வேலை செய்திருக்கின்றன. இப்படி ஒரு ஏரியின் கரையில் நடைபாதை என்றால் எல்லோருக்கும் சந்தோஷம்தானே?

அங்கேதான் சிக்கல். நடக்க வருபவருக்கு விளக்கும் பேவர் பிளாக்கும் வேண்டும். பறவை பார்க்க வருபவர் கரையை சிமென்ட் போட்டு மூடாதீர்கள் என்பார். தாழ்வான தெருவில் இருப்பவருக்கு 2015 வெள்ளம் இன்னும் மறக்கவில்லை; கலங்கல் அடைபடக் கூடாது என்பதே அவர் கவலை. கரையோரம் வீடு கட்டியிருப்பவருக்கோ நடைபாதை என்ற வார்த்தையே நோட்டீஸ் மாதிரி கேட்கும்.

நாலு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் முதல் ஆள் இழக்கப் போவது அரை மணி நேர நடை. கடைசி ஆள் இழக்கப் போவது வீடு. இதை மறந்துவிட்டு "ஆக்கிரமிப்புக்காரங்களுக்குப் பேச என்ன தகுதி?" என்று ஒருவர் எழுதும்போதுதான் விவாதம் செத்துப்போகிறது. பல சமயம் அந்த ஆள் குழுவிலேயே இருப்பதில்லை.

நீர்நிலைகளைப் பாதுகாக்க 2007-ல் வந்த தமிழ்நாட்டுச் சட்டமே முதலில் ஏரியின் எல்லையை அளக்கச் சொல்கிறது. பிறகு நோட்டீஸ் கொடுக்கச் சொல்கிறது. அதன் பிறகுதான் அகற்றுவது. அரசாங்கத்துக்கே இத்தனை படி இருக்கும்போது, செல்போனில் எடுத்த ஒரு போட்டோவை வைத்துத் தீர்ப்பு எழுதலாமா?

கணக்குப் பிள்ளை வவுச்சர் இல்லாமல் செலவை ஏற்ற மாட்டார். குழுவிலும் அந்தப் பழக்கம் வரவேண்டும். "அது ஏரி நிலம்" என்பவர் சர்வே எண்ணையும் எஃப்.எம்.பி. வரைபடத்தையும் போடட்டும். "பணம் விழுங்கிட்டாங்க" என்பவர் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டுப் பதில் வாங்கி வரட்டும். வந்ததை அப்படியே அடுத்தவருக்குத் தள்ளிவிடுவதும் சும்மா இல்லை. 2018-ல் ஒரு முகநூல் பதிவு வழக்கில், பகிர்வது அந்தக் கருத்தை ஏற்றுக்கொள்வதற்குச் சமம் என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இதற்கு நேர் எதிரான தப்பு ஒன்றும் உண்டு. சண்டை வருகிறது என்று அட்மின் "இனிமேல் குட்மார்னிங் மட்டும் போடுங்க" என்று அறிவித்துவிடுவது. அது நாகரிகம் இல்லை, வாய்ப்பூட்டு. கழிவுநீர் ஏரியில் கலக்கிறது என்று கோபமாகச் சொல்வது தப்பே கிடையாது. கோபம் கழிவுநீர் மேல் இருக்கட்டும், எதிர்வீட்டுக்காரரின் ஜாதி மேலும் ஊர் மேலும் போக வேண்டாம். அவ்வளவுதான்.

இன்னொன்று. வாட்ஸ்அப்பில் யார் ஜெயித்தாலும் கரையில் ஒரு கல்கூட நகராது. செம்பாக்கம் 2021-ல் தாம்பரம் மாநகராட்சியோடு சேர்ந்தது. அதே மாநகராட்சியின் பம்மலில் 2022 நவம்பர் 1 அன்று நடந்த பகுதி சபைக் கூட்டத்தில் முதல்வர் மு.க. ஸ்டாலினே கலந்துகொண்டார். பேச வேண்டிய இடம் அது. நாலு தரப்பும் ஒரே மனுவில் தங்கள் கவலையை எழுதி அங்கே கொடுத்தால், குறைந்தபட்சம் பதில் சொல்ல ஒரு அதிகாரி இருப்பார். கரையோர வீட்டுக்காரரும் அங்கே வந்து நிற்க முடியும்.

அதுவரைக்கும் ஒரே ஒரு விதி போதும். காலையில் டீக்கடையில் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாததை, இரவு பத்து மணிக்கு எழுத வேண்டாம்.