இரண்டே முக்கால் மில்லிமீட்டர்

எதிர் ஃப்ளாட் மாமி என் மனைவியை லிஃப்ட்டில் மடக்கிக் கேட்டாராம். "உங்க வீட்டுக்காரர் வீட்டுக்குள்ளேயே ரயில் விடுறாராமே?"

"வெச்சிருக்கார். விடமாட்டார்" என்றிருக்கிறாள்.

உண்மைதான். நாலு வருஷமாக நான் ஒரு மாடல் ரயில்காரன். ஆபீஸில் எல்லோருக்கும் தெரியும். இன்கிரிமென்ட் லெட்டர் கொடுக்கும்போதுகூட மேனேஜர் "கூ..." என்று ஊதிவிட்டுத்தான் கொடுப்பார். ஆனால் நாளது தேதி வரை என் வீட்டில் ஒரு ரயில்கூடத் தானாக ஓடியதில்லை. ஏன் என்று கேட்டால், "இரண்டே முக்கால் மில்லிமீட்டர்" என்பேன். கேட்டவர் மேற்கொண்டு பேசாமல் போய்விடுவார். நீங்கள் போக முடியாது. காசு கொடுத்து வாங்கியிருக்கிறீர்கள்.

மச்சினன் ஜெர்மனியிலிருந்து வந்தபோது என் பையனுக்கு ஒரு ரயில் செட் வாங்கி வந்தான். நீராவி எஞ்சின் ஒன்று, சரக்குப் பெட்டி மூன்று, வட்டமாகத் தண்டவாளம். பையன் சரியாக இருபது நிமிஷம் விளையாடிவிட்டு செல்போனுக்குத் திரும்பிவிட்டான். நான் ராத்திரி பன்னிரண்டு மணி வரை ஹாலில் குப்புறப் படுத்து, கண்ணைத் தரையோடு வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படிப் பார்த்தால்தான் எஞ்சின் நிஜமாக, மேலே ஏறுகிற மாதிரி வரும். முயற்சி செய்து பாருங்கள். வீட்டில் யாரும் இல்லாதபோது.

இதில் நுழைகிற எல்லோருக்கும் ஆரம்பம் வட்டம்தான். வட்டத்தை எவனும் ஒரு மாசத்துக்கு மேல் தாங்கமாட்டான். அப்புறம் ஆளுக்கொரு மூலை பிடித்துக்கொள்ளும். ஒருவர் மலையும் மரமும் செய்யப் போவார். ஒரு வருஷத்தில் மலையை விட்டுவிட்டு மரம் மட்டும் செய்துகொண்டிருப்பார். இன்னொருவருக்குத் துரு. புத்தம் புது எஞ்சினை ஆசையாக வாங்கி, அதற்குத் துருவும் கரியும் எண்ணெய்க் கசிவும் பூசிப் பழசாக்குவதே அவர் வாழ்க்கை. எங்கள் அபார்ட்மென்ட் இரும்பு கேட்டைக் காட்டினால் கன்னத்தில் போட்டுக்கொள்வார். அமெரிக்காவில் ஒரு கூட்டம், ரயிலை டைம்டேபிள்படி ஓட்டுகிறது. அறையில் ஒரு கடிகாரம் இருக்கும். அது ஒரு மணி நேரத்தில் ஆறு மணி நேரம் ஓடும். அதைப் பார்த்து, ஒவ்வொரு வேகனுக்கும் சீட்டு எழுதி, சரக்கை அந்தந்த இடத்தில் விட்டு, லேட்டானால் திட்டு வாங்கி... வாரம் பூரா ஆபீஸ், வாரக் கடைசியில் சம்பளமில்லாத ஆபீஸ்!

என் மூலை எப்படி வந்தது என்று சொல்கிறேன். கொஞ்சம் கணக்கு.

அந்த ஜெர்மன் செட் எச்.ஓ. என்ற அளவு. உலகத்தில் அதிகம் புழங்குவது அதுதான். நிஜத்தில் 87 மில்லிமீட்டர் இருப்பது இங்கே 1 மில்லிமீட்டர். ஐரோப்பாவின் பாதை அகலம் 1435 மில்லிமீட்டர். 87-ஆல் வகுத்தால் 16.5. எச்.ஓ. தண்டவாளமும் அதே 16.5. சுபம். ஆனால் நம் ஊர் அகலப் பாதை 1676 மில்லிமீட்டர். ஒரு ஞாயிற்றுக்கிழமை கரன்ட் பில்லின் பின்பக்கம் இதையும் 87-ஆல் வகுத்துப் பார்த்தேன். 19.26 வந்தது. அதாவது நம் ஊர் ரயிலைச் செய்து அந்தத் தண்டவாளத்தில் வைத்தால் 2.76 மில்லிமீட்டர் இடிக்கிறது.

துவரம்பருப்பைவிடச் சின்ன விஷயம் என்பீர்கள். நிஜ அளவில் அது கால் மீட்டர் சார்!

இந்த வியாதி எனக்கு மட்டும் என்று நினைத்தால், இங்கிலாந்தில் ஒரு நாடே படுத்திருக்கிறது. அவர்கள் ஊர் எஞ்சின்கள் கொஞ்சம் ஒல்லி. அந்தக் காலத்து மோட்டார் எச்.ஓ. அளவு எஞ்சினுக்குள் நுழையவில்லை. அதனால் எஞ்சினை மட்டும் 1:76-க்குப் பெரிசாக்கிவிட்டுத் தண்டவாளத்தை அதே 16.5-இல் விட்டுவிட்டார்கள். 1938-இல் ஹார்ன்பி டப்ளோ இந்த அளவில் வந்ததும் அதுவே ஊர் வழக்கமாகிவிட்டது. பெரிய உடம்பு, ஒட்டின கால். பொறுக்காத சிலர் சக்கரங்களைப் பிடுங்கி 18 மில்லிமீட்டருக்கு அகட்டினார்கள். அப்புறம் 18.2. சரியான கணக்கு 18.83 ஆயிற்றே என்று 1960-களில் வேறொரு கோஷ்டி கிளம்பியது. 18.2-காரருக்கும் 18.83-காரருக்கும் நடுவே உள்ள 0.63 மில்லிமீட்டரில் எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் விழுந்து செத்தன என்று யாரும் கணக்கெடுக்கவில்லை.

எனக்கு விடை பஸ்ஸில் கிடைத்தது. சைதாப்பேட்டைப் பாலத்தில் நிற்கும்போது. 87 என்னத்துக்கு? 100 என்று வைத்துக்கொண்டால்? 1676, 16.76 ஆகிவிடுகிறது. கடைத் தண்டவாளத்துக்கும் அதற்கும் வித்தியாசம் கால் மில்லிமீட்டர்! கத்தியேவிட்டேன். கண்டக்டர் டிக்கெட் வாங்கவில்லையோ என்று பார்த்தார்.

ஒரே ஒரு சிக்கல். அந்த அளவில் நம் ரயிலைக் கடையில் தேடினேன், கிடைக்கவில்லை. நானேதான் செய்யவேண்டும். எடுத்துக்கொண்டது பெரம்பூர் ஐ.சி.எஃப். பெட்டி. 1955-இல் தொடங்கின தொழிற்சாலை. நீங்களும் நானும் ஊருக்குப் போய் வந்தது, ஜன்னலோரத்துக்குச் சண்டை போட்டது எல்லாம் அந்தப் பெட்டிக்குள்தான். 2018-இல் அந்த டிசைனைச் செய்வது நின்றுபோயிற்று. நீளம் 21,337 மில்லிமீட்டர், அகலம் 3,245. என் அளவில் 213.4-க்கு 32.4. பிளாஸ்டிக் ஷீட்டை பிளேடால் நறுக்கி, ஃபெவிக்விக்கில் விரலை ஒட்டிக்கொண்டு, ஜன்னல் கம்பிகளுக்குப் பழைய மிக்ஸி மோட்டாரின் செப்புக் கம்பியை உருவி (பழசு என்று நான் நினைத்த மிக்ஸி)... நாலு வருஷத்தில் ஒன்றரைப் பெட்டி முடிந்திருக்கிறது. பெரம்பூர் ரயில் மியூசியத்தில் இஞ்ச் டேப்பால் ஒரு பெட்டியின் கைப்பிடியை அளந்துகொண்டிருந்தேன். காவலாளி ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "வாங்கப் போறீங்களா சார்?" என்றார்.

எஞ்சின் இன்னும் ஆரம்பிக்கவில்லை.

போன வருஷம் அம்மா தவறிப்போனார். அப்பா எங்களோடு வந்துவிட்டார். எண்பது வயது. விழுப்புரத்துக்கும் மாயவரத்துக்கும் நடுவே மீட்டர்கேஜ் ஸ்டேஷன்களில் ஏ.எஸ்.எம்.மாக இருந்து ரிட்டயரானவர். சின்ன வயதிலிருந்தே எங்களுக்குள் பேச்சு குறைவு. வந்த பிறகு அதுவும் போயிற்று. "சாப்பிட்டீங்களாப்பா?" "ம்." "மாத்திரை?" "ம்." நாள் பூரா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எங்கள் ஜன்னலிலிருந்து பக்கத்துக் கட்டடத்தின் பைப் தெரியும்.

ஒருநாள் ராத்திரி நான் ஜன்னல் கம்பி ஒட்டிக்கொண்டிருக்கும்போது பின்னால் வந்து நின்றார்.

"பிராட்கேஜா?" பணக்கார சம்பந்தியை விசாரிக்கிற குரல்.

"ஆமாப்பா. சிங்கிள் லைன். ரெண்டு ஸ்டேஷன் வெக்கலாம்னு..."

"டோக்கன் எங்கே?"

"இன்னும் எஞ்சினே இல்லப்பா."

"எஞ்சின் இல்லாட்டி வண்டி நிக்கும். டோக்கன் இல்லாட்டி மோதும். எது முக்கியம்?"

அவர் வந்ததிலிருந்து பேசின மிக நீண்ட வாக்கியம் அது.

உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தார். ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரும் புதிருமாக வண்டிகள். இரண்டு ஸ்டேஷனிலும் ஆளுக்கொரு இரும்புப் பெட்டி. அதற்குள் இரும்புக் குண்டுகள். இந்த ஸ்டேஷன்காரர் ஒரு மணி அடிப்பார், கவனி என்று. இரண்டு அடித்தால், லைன் க்ளியரா? அந்தப் பக்கத்துக்காரர் சம்மதித்தால்தான் இங்கே பெட்டியிலிருந்து ஒரு குண்டு விழும். ஒன்று வெளியே வந்துவிட்டால், அதைத் திரும்ப இந்தப் பெட்டியிலோ அந்தப் பெட்டியிலோ போடும்வரை, தலைகீழாக நின்றாலும் அடுத்தது வராது. அந்தக் குண்டை ஒரு தோல் பையில் போட்டு, பையைப் பெரிய வளையத்தில் மாட்டி டிரைவரிடம் கொடுக்கவேண்டும். குண்டு கையில் இருந்தால்தான் அவருக்குப் பாதை. வண்டி புறப்பட்டால் மூன்று மணி. போய்ச் சேர்ந்தால் நாலு. ஆறு அடித்தால் ஆபத்து. வேகமாகப் போகிற வண்டியிலிருந்து டிரைவர் வளையத்தை வீசினபோது பட்டது என்று முழங்கைக்குக் கீழே ஒரு தழும்பைக் காட்டினார். அது அம்மா சுட்ட முறுக்கு எண்ணெய் பட்டது என்று நான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த ஞாயிறு ரிச்சி ஸ்ட்ரீட். ரிலே, ஒயர், சுவிட்ச், இரண்டு மணி. சைக்கிள் கடையில் பேரிங் குண்டு. ஹால் ஒரு ஸ்டேஷன், அப்பாவின் ரூம் ஒரு ஸ்டேஷன். நானும் அப்பாவும் கட்டிலுக்கு அடியில் டார்ச்சோடு கிடந்தோம். குண்டை ஒருத்தர் எடுத்தால் மற்றவருக்குப் பூட்டிக்கொள்ளவேண்டும். அது பிடிபட ஒன்பது வாரம் ஆயிற்று. என் பெட்டி தூசி படிந்து கிடந்தது. துருக்காரர் பார்த்தால் பாராட்டியிருப்பார்.

"ரயில் பொம்மைன்னு ஆரம்பிச்சு இப்ப பொம்மையும் இல்லையா?" என்றாள் மனைவி. அவளுக்கு நான் அமெரிக்காவின் எம்.ஐ.டி. கதையைச் சொன்னேன். அங்கே 1946-இல் மாணவர்கள் மாடல் ரயில் கிளப் ஒன்று தொடங்கினார்கள். மேஜைக்கு மேலே ஒரு கோஷ்டி எஞ்சினுக்கு பெயின்ட் அடிக்கும். மேஜைக்கு அடியில் இன்னொரு கோஷ்டி டெலிபோன் ரிலேக்களையும் ஒயர்களையும் கட்டிக்கொண்டு அழும். மேலே ரயில் ஓடுகிறதா என்பதே அதற்கு இரண்டாம்பட்சம். இவர்கள் பிற்பாடு ராத்திரி ராத்திரியாகக் கம்ப்யூட்டரைக் கட்டிக்கொண்டார்கள். ஹேக்கர் என்ற பெயர் கம்ப்யூட்டர்காரர்களுக்கு ஒட்டிக்கொண்டது இந்தக் கூட்டத்திலிருந்துதான். 'ஸ்பேஸ்வார்' என்ற ஆதிகாலக் கம்ப்யூட்டர் விளையாட்டை 1962-இல் எழுதினதில் முக்கியமானவரும் இந்தக் கிளப்காரர்.

"அவங்கள்லாம் கல்யாணம் ஆகாத பசங்க" என்று அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ஒரு ராத்திரி நல்ல மழை. லைன் முதல்முறையாகச் சரியாக வேலை செய்தது. நான் இரண்டு அடித்தேன். பதில் வரவில்லை. மறுபடி அடித்தேன். எழுந்து போனால், அப்பா மணியின் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"எழுபத்தேழு நவம்பர். நாகப்பட்டினம் புயல். சாயங்காலம் ஒரு பாசஞ்சர் வந்து நின்னுது. ஒயரெல்லாம் அறுந்துபோச்சு. மணி வரலை. மணி வராம எப்படி விடறது? விடலை. ராத்திரி பூரா ஜனங்க சத்தம். ஒருத்தன் சட்டையைப் பிடிச்சுட்டான். உங்கம்மா குவார்ட்டர்ஸ்ல இருந்த ரவை மொத்தத்தையும் கொட்டி உப்புமா கிண்டினா. கோயில்ல போய் அண்டா வாங்கிட்டு வந்து. கல்யாணமாகி நாலு மாசம் அப்போ."

"அப்புறம்?"

"விடிஞ்சு ட்ராலில போய்ப் பார்த்தா, ரெண்டு மைல்ல புளியமரம். லைனுக்குக் குறுக்கே."

கொஞ்ச நேரம் மழையைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"உப்புமால உப்பு இல்லை. அன்னிக்கே சொல்லிட்டேன் அவகிட்ட. அத்தனை பேர் எதிர்ல. சொல்லியிருக்கவேண்டாம்."

நான் ஒன்றும் சொல்லவில்லை. ஹாலுக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தேன். சற்று நேரத்தில் இரண்டு மணி வந்தது. திருப்பி இரண்டு அடித்துச் சம்மதம் கொடுத்தேன்.

இப்போது நிலைமை இது. எங்களுடையது ஒரே பாத்ரூம் உள்ள வீடு. அதாவது சிங்கிள் லைன். காலையில் ஏழிலிருந்து எட்டரை வரை நடக்கிற மோதல்களை ஒருநாள் கவனித்த அப்பா, பாத்ரூம் கதவருகே ஒரு கொக்கி அடித்து வளையத்தை மாட்டிவிட்டார். தோல் பையில் குண்டு. அதை எடுத்தவருக்குத்தான் பாதை. திரும்ப மாட்டும்வரை மற்றவர்கள் ஹோம் சிக்னலில் நிற்கவேண்டும். பையன் ஒருநாள் டோக்கனோடு ஸ்கூலுக்குப் போய்விட்டான். அன்று வீட்டில் நடந்த போக்குவரத்து ஸ்தம்பிப்பை விவரிக்கப்போவதில்லை.

மனைவி இதையெல்லாம் கிண்டல் செய்கிறாள். ஆனால் இன்று காலை பாத்ரூமிலிருந்து வெளியே வந்தவள், வளையத்தை மாட்டிவிட்டு, போகிற போக்கில் ஹால் மணியை நாலு தட்டு தட்டிவிட்டுப் போனாள்.

உள்ளேயிருந்து அப்பா, "ரைட்" என்றார்.

எஞ்சின் அடுத்த வருஷம்.